படிக்கப் போன பிள்ளைக்குப் பதவி எதற்கு?

தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் உங்கள் மகள் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, எங்க மாணவர் ஆய்வுக் கழகத்துல நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதவிக்கு நிக்கப் போறேன்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை என்ன? "அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? படிச்சு முடிச்சு நல்லபடியா வந்து சேரு." அதுதானே?

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1974 டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ந்து பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் வாடியபோது, அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1971இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் மேலும் இறுகியது. "வாயைத் திறந்தால் படிப்பு போய்விடும்" என்ற அச்சம் நம் வீடுகளில் அப்படித்தான் குடியேறியது. ஆனால் அந்தச் சட்டம் 2012இலும் 2018இலும் திருத்தப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சியில் சேரவே தடை நீங்கிவிட்டது. ஆய்வுக் கழகமோ அரசியல் மேடை அல்ல. பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு நடக்கும் மாணவர் சங்கம்.

அங்கே என்ன நடக்கிறது? ரப்பர் மரத்தின் இலை உதிர்நோயை ஒரு மாணவர் ஆராய்ந்திருப்பார். டிங்கிக் கொசுவை இன்னொருவர் ஆராய்ந்திருப்பார். கண்டதை மற்றவர் முன் விளக்கிச் சொல்ல ஒரு நாள் வேண்டும், ஓர் இடம் வேண்டும். அந்த நாளை நடத்திக் காட்டுபவர்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். அனுமதிக் கடிதம் எழுதுவது, மண்டபம் பிடிப்பது, விரிவுரையாளரை அழைப்பது, ஒலிபெருக்கி, நாற்காலி, சாப்பாடு, கடைசியில் ரசீதுகளோடு கணக்கு ஒப்படைப்பது, எல்லாம் அவர் தலையில்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா இல்லையா? பந்தல் யார், உபயம் யார், அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டை, வசூல் புத்தகம் யார் கையில் என்று மாதக்கணக்கில் கூடிப் பேசுகிறோமே, அதே வேலைதான். சிறு வயதில் பந்தலில் தண்ணீர் கொடுத்து, இலை எடுத்து வளர்ந்த பிள்ளைக்கு இது புதிய வேலையா?

சரி, தேர்தலில் எப்படி நிற்பது? இதைப் படிக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கு நான்கு வார்த்தை.

முதலாவது, செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். புதிய மாணவர்களுக்கு நூலகத்தில் தேடக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி, ஆய்வுகளைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பயணம்: ஆண்டுக்கு மூன்று போதும்.

இரண்டாவது, நம் ஆட்களிடம் மட்டும் ஓட்டுக் கேட்காதீர்கள். மலாய், சீன நண்பர்களிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். கழகம் எல்லாருக்கும் உரியது.

மூன்றாவது, ஒரு பதவி போதும். தேர்வு வாரத்தில் நிகழ்ச்சி வைக்காதீர்கள். கழகப் பணத்தைச் சொந்தப் பணத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

நான்காவது, தோற்றால் மறுநாளே வென்றவரைத் தேடிப் போய், "நான் என்ன வேலை செய்யட்டும்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

பெற்றோர்களே, இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூலகம் அமைய "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். பால் வெட்டிப் பிழைத்த நம் தாத்தா பாட்டிகளும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் காசு கொடுத்து வளர்த்த இடத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள் பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்து பட்டம் வாங்கி வந்தால் போதுமா?

நாலு பேரைக் கூட்டி, பேசி, ஒரு காரியத்தை முடித்துக் கணக்கும் காட்டத் தெரிந்தவரைத்தான் வேலை கொடுப்பவர்கள் தேடுகிறார்கள். அதைப் பரீட்சைத் தாள் கற்றுத் தராது.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை அப்படிச் சொன்னால், "எதுக்கும்மா?" என்று கேட்காதீர்கள். "ஓட்டு எண்ணிக்கை என்னைக்கு? முடிஞ்சதும் கூப்பிடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், பிள்ளை தைரியமாக நிற்கும்!