பெண்ணுக்கு மருத்துவப் படிப்பா? பணம் கட்டுவதற்கு முன்...

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டு கவலைகள் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒன்று வயல், மற்றது பெண்ணின் படிப்பு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கும். உழவு, உரம், நடவுக் கூலி என்று கையிலுள்ள காசெல்லாம் குறுவையில் இறங்குகிற நேரம் அது. காலேஜில் பணம் கட்டச் சொல்வதும் அதே சமயம்தான். சம்பா அறுத்து நெல் காசாவதற்குத் தை, மாசி ஆகிவிடும். "வேற வழி? வளையலைக் கழற்ற வேண்டியதுதான்" என்பாள் அம்மா.

கழற்றுவதில் தப்பில்லை, சகோதரிகளே! ஆனால் எதற்காகக் கழற்றுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நர்ஸிங், பிசியோதெரபி, ஃபார்மஸி, லேப் டெக்னாலஜி என்று தனியார் பல்கலைக்கழகங்களின் விளம்பரங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அந்தப் பட்டம் நாளைக்கு வேலைக்கு ஆகுமா? அதற்குக் கொடுக்கிற பணம் நியாயமா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

சிதம்பரம் சொல்லும் பாடம்

கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். அங்கே 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டணம் மட்டும் இறங்கவில்லை. எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேல்! மற்ற அரசுக் கல்லூரிகளிலோ 13 ஆயிரம் சொச்சம்தான். 2020 டிசம்பரில் மாணவ மாணவியர் போராட்டத்தில் இறங்கினார்கள். அது ஐம்பது நாளைத் தாண்டியது. 2021-இல் மருத்துவம், பல் மருத்துவம், நர்ஸிங் கல்லூரிகள் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன. கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுக்கு வந்தது.

கவனித்தீர்களா? அதே கட்டடம், அதே ஆஸ்பத்திரி, அதே பாடம். நடத்துவது யார் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது.

சீட் யாருடையது?

அதனால் முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். தஞ்சாவூரில் 1959-இலிருந்தும், திருவாரூரில் 2010-இலிருந்தும், நாகப்பட்டினத்தில் 2022-இலிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அடுத்தது, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த 7.5 சதவிகித ஒதுக்கீடு இந்த இடங்களுக்கும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அந்தச் சலுகை கிடையாது. அங்கேயும் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். "நீட் இல்லாமலே சீட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பட்டம் மட்டும் போதாது

பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்துவிடும். வேலை பார்க்க அனுமதி தருவது கவுன்சில். நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்ஸுகள், மிட்வைஃப்கள் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். ஃபார்மஸி என்றால் அந்தக் கல்லூரிக்கு இந்திய ஃபார்மஸி கவுன்சிலின் ஒப்புதல் இருக்க வேண்டும். பிசியோதெரபி, லேப், எக்ஸ்ரே போன்ற படிப்புகளுக்கு 2021-இல் தனிச் சட்டமே வந்து, தேசிய ஆணையமும் அமைந்திருக்கிறது. 'வீட்டிலிருந்தே தபாலில் படிக்கலாம்' என்பதை நம்பாதீர்கள். இவற்றைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாதென்று யு.ஜி.சி. 2025-இல் தடை போட்டுவிட்டது.

காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஊசி போடுவதும், பிரசவம் பார்ப்பதும் புத்தகத்தில் வருகிற வித்தை அல்ல. சொந்த ஆஸ்பத்திரி இல்லையென்றால் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? நைட் டியூட்டி முடிந்து பெண் எப்படி ஹாஸ்டலுக்குத் திரும்புவாள்? கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவிகளிடமும் தனியாகப் பேசிப் பாருங்கள். அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுவிடுங்கள்

பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு நாலு வருஷம். முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நாலு வருஷக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு, பரீட்சை, யூனிஃபார்ம், பஸ் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதென்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள்.

நிலத்தை அடகு வைப்பதற்கு முன் பாங்குக்குப் போங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்காத கல்விக் கடன் உண்டு. 'வித்யாலக்ஷ்மி' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவுக்காவது ஆகும்.

கடைசியாக, பெண்ணையே கேளுங்கள். அத்தை சொன்னாள், பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்தாள் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். புண்ணைத் துடைக்கவும், ராத்திரி கண் விழிக்கவும், எரிந்து விழுகிற நோயாளியிடம் சிரித்துப் பேசவும் அவளுக்கு மனசு வேண்டும். "எனக்கு இதுதாம்மா பிடிச்சிருக்கு" என்று அவள் சொன்னால், தைரியமாக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.