பொன்னா எதைத் தேடிப் போனாள்?

நான் இருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். சங்ககிரி வழியாக பஸ் பிடித்தால் திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நடக்கும் ஊர். போன வாரம் நண்பர் ஒருவர், "புருஷன்கிட்ட சந்தோஷமில்லாத பொண்ணு வேற சுகம் தேடிப் போற கதைதானே அது?" என்று கேட்டார். அவர் படித்ததில்லை. படிக்காத பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் இந்தக் குறிப்பு.

'மேடம் பொவாரி' மாதிரி நாவல்களில் கணவன் சலித்துப் போகிறான், மனைவி காதலை வெளியே தேடுகிறாள். இங்கே கதை தலைகீழ். வெள்ளைக்காரன் காலம். காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகி 12 வருஷம். ஆசை குறையவே இல்லை, குழந்தைதான் இல்லை. விசேஷங்களில் அவளை ஒதுக்குகிறார்கள், அவன் ஆண்மையைக் கேலி செய்கிறார்கள். இன்னொரு கல்யாணம் பண்ணச் சொன்னாலும் அவன் சம்மதிக்கவில்லை.

அர்த்தநாரீஸ்வரர் தேர்த்திருவிழாவில் ஒரு இரவு மட்டும் கட்டுப்பாடு கிடையாது. அன்று வரும் ஆண் சாமிக்குச் சமம் என்பது நாவலில் வரும் வழக்கம். "போறியா?" என்று காளி கேட்கிறான். நீ சொன்னால் போகிறேன் என்கிறாள். அவள் சொன்னது அவனுக்காக. அவன் காதில் விழுந்தது அவளுடைய ஆசையாக. என் வாசிப்பில் நாவலின் முடிச்சு இதுதான்.

கடைசியில் அவள் அண்ணன் முத்து காளியைக் கள்ளு குடிக்கக் கூட்டிப்போய்விடுகிறான். புருஷன் ஒத்துக்கொண்டான் என்று நம்பித்தான் பொன்னா திருவிழாவுக்குப் போகிறாள். ஆனால் கூட்டத்துக்குள் வந்தபின் யாரை ஏற்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். பலருக்கு உறுத்தியது இந்த இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானப் பேச்சு நடந்தது. அதன்பின் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார் பெருமாள்முருகன். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமாதான உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. மறுபடி எழுதச் சொன்னது.

இந்தக் கதைக்கு இரண்டு தொடர்ச்சிகள் உண்டு. 'ஆலவாயன்' நாவலில் காளி இறந்துவிடுகிறான். 'அர்த்தநாரி'யில் உயிரோடு இருந்து மௌனத்தால் தண்டிக்கிறான். எந்த முடிவானாலும் விலை கொடுப்பவள் பொன்னாதான்.

நண்பரிடம் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். படிச்சுட்டு வரட்டும், பேசுவோம்.