பஸ் நசுக்கிய காலோடு 6 அடி தாண்டினார்! சேர்வராயன் மலை அடிவாரத்து 'பேப்பர் பையன்' கதை

ஏற்காடு மலை ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் குடலைப் புரட்டிவிடும். மேலே கரடியூர் மாதிரி ஊர்களில், "ரோட்டைப் பார்த்துப் போ கண்ணு" என்று சொல்லித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். வளைவில் பஸ் எந்த நேரம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

சமவெளிக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் இந்தக் கோரம் நடந்தது கீழேதான்!

மலைக்கு மேற்கே காடையாம்பட்டி வட்டாரத்தில் பெரியவடகம்பட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர்ச் சிறுவன் மாரியப்பனுக்கு அப்போது வயது 5. பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான்.

ஒரு பஸ் அவன் மீது மோதியது. சக்கரம் வலது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. டிரைவர் குடித்திருந்தார் என்று பின்னாளில் மாரியப்பனே சொல்லியிருக்கிறார்.

பையன் பிழைத்தான். அந்தக் கால் மட்டும் பழையபடி ஆகவே இல்லை.

கடன் 3 லட்சம்

குடும்ப பாரம் முழுவதும் தாயார் சரோஜா தலையில். சித்தாள் வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்தார். பிறகு காய்கறி வியாபாரம். நாளைக்கு 100 ரூபாய் கையில் நின்றால் பெரிய விஷயம். மகன் வைத்தியத்துக்கு இவர் வாங்கிய கடன் எவ்வளவு தெரியுமா? ரூ.3 லட்சம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 ஆயிரம் நாள் சம்பாத்தியம். ஒரு வாய் சோறு தின்னாமல் அப்படியே கட்டினால்கூட 8 வருஷத்துக்கு மேல் ஆகும். வட்டி தனி. மற்ற பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊத்தணும்.

அந்த அம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை.

பையனும் மூலையில் உட்காரவில்லை. அவனுக்கு வாலிபால் என்றால் உயிர். பந்துக்கு அவன் எம்புவதைப் பார்த்த பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர், உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில் ஒரு போட்டி. எதிரே நின்றவர்கள் எல்லாம் இரண்டு காலும் நன்றாக இருந்த பையன்கள். மாரியப்பனுக்கு 2வது இடம்! பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

உயரம் தாண்டுவதில் ஒரு விதி உண்டு. ஒற்றைக் காலால்தான் எம்ப வேண்டும். சரி, அதற்கு நல்ல கால் இருக்கிறது. ஆனால் ஓடி வருவதற்கு? அதற்கு இரண்டு காலும் வேண்டுமே! அந்த நசுங்கிய காலையும் ஊன்றித்தான் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தார்.

விடியற்காலையில் பேப்பர்

கைதட்டல் கிடைத்தது. அரிசி கிடைக்கவில்லை. 2012 முதல் 2015 வரை விடியற்காலையில் எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட்டார். தினமும் 2, 3 கிலோமீட்டர் நடை. பொழுது விடிந்ததும் கட்டிட வேலை. அதில் கூலி 200 ரூபாய். தாய் ஒரு பக்கம் கூடை, மகன் ஒரு பக்கம் சாந்துச் சட்டி.

பேப்பர் போட்ட பையன் கதையைப் பேப்பரில் எழுதாமல் வேறு எதில் எழுதுவது?

2013ல் ஊனமுற்றோருக்கான தேசியப் போட்டியில் அவரைப் பார்த்தார் பயிற்சியாளர் சத்தியநாராயணா. பெங்களூருக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார்.

2016 செப்டம்பர் 9ந்தேதி. பிரேசில் நாட்டு ரியோ நகரம். பாராலிம்பிக் இறுதிப் போட்டி. மாரியப்பன் தாண்டிய உயரம் 1.89 மீட்டர். அதாவது 6 அடி 2 அங்குலம். நல்ல வளர்த்தியான ஆளை நிற்க வைத்து அவர் தலைக்கு மேலே தாண்டின மாதிரி!

தங்கம்! பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்து 12 வருஷம் ஆகியிருந்தது.

தமிழக அரசு ரூ.2 கோடி அறிவித்தது. தாயார் வாங்கிய கடன் அன்றைக்கும் முழுசாக அடைந்திருக்கவில்லை. இந்த நிலைமையில், படித்த பள்ளிக்கூடத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுப்பதாக மாரியப்பன் சொன்னார்.

கொடியும் போச்சு

சினிமாவாக இருந்தால் இங்கேயே 'வணக்கம்' போட்டு விளக்கைப் போட்டிருப்பார்கள். நிஜத்தில் கஷ்டமான ரீல் இதற்கு அப்புறம்தான்.

2021, டோக்கியோ. தொடக்க விழாவில் தேசியக் கொடியைத் தூக்கிப்போக மாரியப்பனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொரோனா! விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குத் தொற்று. மாரியப்பனைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள். கொடி வேறு வீரர் கைக்குப் போனது. எத்தனை ஆசையோடு போயிருப்பார்!

ஆகஸ்ட் 31ந்தேதி போட்டி. அன்றைக்கு மழை. ஊனமான காலில் போட்டிருந்த உறை நனைந்து ஊறிவிட்டது. ஓடவே கஷ்டமாக இருந்தது என்று போட்டி முடிந்ததும் சொன்னார். 1.86 மீட்டர் தாண்டினார். அமெரிக்காவின் சாம் குரூவ் 1.88. வெறும் 2 சென்டிமீட்டரில் தங்கம் கை நழுவி, வெள்ளி கிடைத்தது.

அந்த வருஷமே தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையில் துணை மேலாளர் வேலை கொடுத்தது அரசு. பேப்பர் போட்ட பையனுக்குப் பேப்பர் கம்பெனியிலேயே உத்தியோகம். இது யாரும் யோசித்துச் செய்ததா, தானாக அமைந்ததா?

உத்தியோகம் கிடைத்தாச்சு, பெயர் வாங்கியாச்சு, வீட்டில் உட்காரலாம். உட்காரவில்லை. 2024 மே மாதம் ஜப்பானில் கோபே நகரில் உலகப் போட்டி. 1.88 மீட்டர் தாண்டித் தங்கம்.

அதே வருஷம் செப்டம்பர் 3ந்தேதி பாரீஸ் பாராலிம்பிக். மாரியப்பனுக்கு வயது 29. எதிரே அமெரிக்க வாலிபர் எஸ்ரா பிரெச், வயது 19. அந்தப் பையன் 1.94 தாண்டித் தங்கத்தைத் தட்டிப்போனான். பீகாரைச் சேர்ந்த நம் சரத்குமாருக்கு வெள்ளி.

மாரியப்பன் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கினார். தங்கம், வெள்ளி, வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்.