துடுப்பிலிருந்து ஓதக் கணக்கு வரை

ஆர்க்டிக் கரைகளில் வாழும் இன்யூட், அலூட் மக்கள் கடல் வேட்டைக்காக, கரையொதுங்கிய மரத்துண்டுகளாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து உருவாக்கிய மெல்லிய படகே கயாக் ஆகும். இன்று கண்ணாடியிழையிலும் பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்படும் கடல் கயாக், பெரும்பாலும் 5 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. செலுத்துபவர் கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, தம் இடுப்பைச் சுற்றியுள்ள திறப்பை நீர் புகாத உறையால் மூடிக்கொள்வதால், படகின் ஒவ்வோர் அசைவையும் தம் உடலாலேயே உணர்கிறார்.

துடுப்பு வலிப்பது தோளின் வேலை எனப் புதியவர்கள் எண்ணினாலும், உண்மையான விசை காலை ஊன்றி இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்புவதிலிருந்தே பிறக்கிறது. அதைவிடக் கடினமானது காற்றைச் சமாளிப்பது. கயாக் முன்னேறும்போது அணியம் எனப்படும் முன்முனையின் இருபுறமும் நீரழுத்தம் மிகுந்து அதை இறுகப் பிடித்துக்கொள்ள, அமரம் எனப்படும் பின்முனையின் அருகே நீர் கலங்கிப் பிடிப்புத் தளர்ந்திருக்கிறது. பக்கக்காற்று வீசினால், தளர்ந்த பின்முனை காற்றின் போக்கில் வழுக்கிச் செல்ல, முன்முனை காற்றை நோக்கித் தானே திரும்பிவிடும். இதைத் தடுக்கப் பின்பகுதியின் அடியிலிருந்து ஸ்கெக் எனும் சிறு தகடு இறக்கப்படுகிறது. சிறிதளவு இறக்கினால் படகு நேராகச் செல்லும், முழுவதும் இறக்கினால் காற்று போகும் திசைக்குத் திரும்பும். தகடு இல்லாவிடில், காற்று வரும் பக்கமாகப் படகைச் சாய்த்து, அதே பக்கத்தில் துடுப்பை அகல வீசி வலிக்க வேண்டும்.

கவிழ்வது இக்கலையில் விலக்கன்று. பாடத்தின் ஒரு பகுதி. முதலில், தலைகீழான நிலையில் பதறாமல் உறையின் முன்பட்டையை இழுத்துக் கழற்றி வெளியேறப் பழக வேண்டும். அடுத்தது துணைவரின் மீட்பு. கவிழ்ந்த படகின் முன்முனையை அவர் தம் படகின் குறுக்கே தூக்கி நீரை வடித்து, நிமிர்த்தி, இரு படகுகளையும் இணையாகப் பிடித்துக்கொள்ள, நீரில் கிடப்பவர் ஒரு குதிகாலை உள்ளே மாட்டி ஏறிக்கொள்கிறார். இருக்கையைவிட்டு வெளியேறாமலே துடுப்பாலும் இடுப்பின் சுழற்சியாலும் நிமிர்வது ‘ரோல்’ ஆகும். ஆஸ்திரியரான ஹான்ஸ் எடி பாவ்லாட்டா, ஆர்க்டிக் பயணிகளின் எழுத்துகளைத் துணைகொண்டே 1927இல் இதைக் கற்றார்; ஆங்கிலேயரான ஜினோ வாட்கின்ஸ் 1930–31ஆம் ஆண்டுப் பயணத்தின்போது கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடமே பயின்றார். அவர் 1932 ஆகஸ்டில் தனியே வேட்டைக்குச் செல்ல, ஆளில்லாத கயாக் மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. கைத்திறனில் தேர்ந்தவரும் குளிர்கடலில் தனித்திருந்தால் எவ்வளவு இடருக்கு உள்ளாவார் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

தகுதிச் சான்றின் படிநிலைகளும் தனித்திறனிலிருந்து பிறர் பாதுகாப்பை நோக்கியே நகர்கின்றன. 1936இல் பிரிட்டிஷ் கனூ யூனியன் என்று தொடங்கி இன்று பேடில் யூ.கே. எனப்படும் அமைப்பு, முன்பு நட்சத்திரங்களின் எண்ணிக்கையால் படிநிலைகளைக் குறித்தது. இப்போது கடல் கயாக் விருது, குழுத் தலைவர், உயர்நிலைக் குழுத் தலைவர் எனப் படிகள் அமைந்துள்ளன. இவற்றுள் குழுத் தலைவர் சான்று ‘மிதமான ஓத நீர்’ என வரையறுக்கப்பட்ட சூழலுக்குரியது: கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள், நீரோட்டம் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துக்குள், காற்று பியூஃபோர்ட் அளவில் 4ஐத் தாண்டாமல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

இவ்வெல்லைக்குள் நிற்பதற்கு ஓதத்தை, அதாவது நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குவதை, முன்கூட்டியே கணிக்கத் தெரிய வேண்டும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடிக்கும் ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 எனப் பங்குகள் விழும் என்பது மாலுமிகளின் பழைய வாய்பாடு. இதன்படி நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் ஏறிவிடுகிறது. இவ்வாறு ஏறி இறங்கும் நீர் ஓட்டமாகவும் பாய்கிறது. வேல்ஸில் ஆங்கிலசி தீவைப் பிரிக்கும் மெனாய் நீரிணையின் குறுகிய பகுதியில் பெரு ஓத நாட்களில் ஓட்டம் 8 நாட் வரை எட்டுவதுண்டு. கயாக்கின் இயல்பான வேகமோ 3 முதல் 4 நாட்தான். அங்கே தசைவலிமை பயன்படாது, கடிகாரமே பயன்படும். மேலும், ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும் என்பதால், காலையில் அமைதியாகக் கடந்த முனை, ஓதம் திரும்பியபின் அதே காற்றிலேயே கடக்க முடியாததாகிவிடலாம்.

ஆகவே குழுத் தலைவர் தேர்வுக்கு வருபவர் முதலுதவிப் பயிற்சியையும் கடலோர வழிகாணல் பயிற்சியையும் முன்னரே முடித்திருக்க வேண்டும். தேர்வு நாளில் அவர் வானிலை அறிவிப்பையும் ஓத அட்டவணையையும் வைத்துத் தாமே பயணத்தைத் திட்டமிட்டு, குழுவை நடத்தி, கவிழ்ந்தவரை மீட்டு, களைத்தவரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதோடு, தாமே கவிழ்ந்தாலும் ரோல் செய்து எழுந்து, குழு எங்கே நிற்கிறது, அடுத்துக் கரையேறத்தக்க இடம் எது என்பதை வரைபடத்தில் காட்ட வேண்டும்.