நீர்யானையும் சர்க்கஸ் கூடாரமும்

சர்க்கஸ் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவு வருவது சிங்கம், யானை, பார் விளையாட்டு, கோமாளி. நடுவிலே ஒரு நீர்யானை மெதுவாக வந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றும். வாயைப் பிளந்து ரொட்டியோ முட்டைக்கோசோ வாங்கித் தின்றுவிட்டுப் போய்விடும். சில நிமிஷ வேலைதான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் பெயர். கிரேக்கர் இதை ஆற்றுக் குதிரை என்றார்கள். ஹிந்தியில் தரியாயி கோடா, மராத்தியில் பாண்கோடா, இரண்டும் குதிரைதான். வங்காளியர் ஜலஹஸ்தி என்பார்கள். அவர்கள் நம்மைப் போல யானைக் கட்சி. உண்மையில் இது குதிரையும் இல்லை, யானையும் இல்லை. இன்றுள்ள பிராணிகளில் இதற்கு நெருங்கிய உறவு திமிங்கிலம் என்று உயிரியலார் கண்டிருக்கிறார்கள். தாயகம் ஆப்பிரிக்கா. ஆனாலும் இதன் இனத்தைச் சேர்ந்த பழங்கால எலும்புப் படிவங்கள் நம் சிவாலிக் மலைப் பகுதியிலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கிடைத்துள்ளன.

காட்சிப் பொருளாக இதற்கு மவுசு வந்தது 1850இல். ஒபைஷ் என்ற நைல் நதிக் குட்டி அந்த ஆண்டு மே மாதம் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்தது. பார்வையாளர் எண்ணிக்கை அவ்வருஷம் இரண்டு மடங்கானது. பிறகு அமெரிக்க சர்க்கஸ்காரர்கள் 'ரத்தம் வியர்க்கும் மிருகம்' என்று விளம்பரம் போட்டார்கள். அது ரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. தோலில் கசியும் ஒருவகைச் சிவப்பு நீர். அது வெயிலைத் தடுக்கும், கிருமியையும் அடக்கும் என்று 2004இல் ஜப்பானிய அறிஞர்கள் விளக்கினார்கள்.

அந்தக் கசிவு மட்டும் போதாது. பகல் முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டிய பிராணி இது. வெளியே நிறுத்தினால் தோல் காய்ந்து வெடித்துவிடும். வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று தொட்டி கட்டினால் 18,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 1,500 கிலோ எடையுள்ள பிராணிக்கு அதுவே குறுகலான இடம். சாணம் போடுவதும் அந்தத் தண்ணீரிலேயே. ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் கூடாரத்துக்கு இது எப்படிக் கட்டும்?

தீனி நாளைக்குச் சுமார் 40 கிலோ புல். காட்டில் இருட்டிய பின்தான் கரையேறி மேயும். சர்க்கஸிலோ அந்த நேரத்தில்தான் விளக்கும் வாத்தியமும்.

பழக்குவது எப்படி? இதன் தோல் அங்குலக் கணக்கில் தடிமன். கடிவாளமும் போட முடியாது. கோரைப் பல் அரை மீட்டர் வரை வளரும். ஆகவே குட்டியிலிருந்தே ஒரே ஆள் தீனி போட்டு வளர்த்து, தீனியைக் காட்டியே நடக்கவும் நிற்கவும் வாய் திறக்கவும் பழக்குவார்கள். காட்டில் வாயைப் பிளப்பது எதிரிக்கு விடும் எச்சரிக்கை. கூடாரத்தில் அதற்குத்தான் நாம் கை தட்டினோம்.

"அடிக்கவில்லையே, அப்புறம் என்ன பாவம்?" என்று கேட்கலாம். இல்லறத்தார் அகிம்சை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். அடி விழாவிட்டாலும் முதலாவதும் கடைசியும் இங்கே இருக்கின்றன. நீர்யானைக்கு நீர் குடிக்க மட்டுமில்லை, குடியிருக்கவும் வேண்டும்.

சட்டமும் ஒரு பங்கு வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடுவதை 1998இல் மத்திய அரசு தடை செய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஐந்தில் நீர்யானை பெயர் இல்லை. அதனால் அதன் பிறகும் சில கூடாரங்களில் இது காலம் தள்ளியது.

இனி நம் பங்கு. பேரப் பிள்ளைகளை விலங்குக் காட்சிசாலைக்குக் கூட்டிப் போகிறோம். வாயைத் திறந்தால் எதையாவது எறியத்தான் கை பரபரக்கும். 2017இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு நீர்யானை, பார்வையாளர் யாரோ எறிந்த டென்னிஸ் பந்தை விழுங்கி உயிர் விட்டது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஜீவகாருண்யத்தில் அதுவும் ஒரு பாடம்தான்.