பெயர் விட்டுப்போனதா? வாக்காளர் பட்டியலை ஷீட்டில் ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் (எஸ்.ஐ.ஆர்.) வரைவு வாக்காளர் பட்டியல் தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 அன்று வெளியானபோது, 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, பெரும்பகுதி ‘இடம் மாறியவர்’, ‘முகவரியில் இல்லாதவர்’ என்ற கணக்கில் வந்தது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் நிறைந்த தென்சென்னைப் புறநகருக்கு இது சாதாரண விஷயமல்ல. 2021 தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி சோழிங்கநல்லூர். நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் பெரும்பாக்கமும் இந்தப் பக்கம்தான்.

ஒரு தெருவிலோ அடுக்ககத்திலோ யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்க்க, பழைய பட்டியலையும் புதியதையும் கூகுள் ஷீட்டில் அருகருகே வைத்து ஒப்பிடுவது எளிய வழி. எளிது என்பது சூத்திரத்துக்குத்தான் பொருந்தும். தரவைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் பாடு. இணையத்தில் கிடைக்கும் பட்டியல் படவடிவ பி.டி.எஃப். அதிலிருந்து எழுத்தை நகலெடுக்க முடியாது. தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று கேட்ட கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இசையவில்லை. வாக்காளர்களின் அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். எஸ்.ஐ.ஆர். தொடர்பான பீகார் வழக்கில் 2025 ஆகஸ்ட் 14 அன்று, நீக்கப்பட்ட சுமார் 65 லட்சம் பேரின் பட்டியலைக் காரணத்தோடு, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும்படி வெளியிடுமாறு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

முழுப் பட்டியல் படவடிவிலேயே இருப்பதால், தட்டச்சு செய்தோ, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைக் கொண்டோதான் ஷீட்டை நிரப்ப முடியும். பிழை நுழைவது இங்கேதான். பெயரை வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் ஏமாற்றம். ‘ரா. முருகன்’ ஒரு பட்டியலில் ‘முருகன் ரா’ ஆகியிருப்பார். ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தும், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம், ஷீட்டுக்கு அவை வேறு வேறு. வாக்காளர் அடையாள அட்டை எண்ணே நம்பத்தக்க இணைப்பு. அதிலும் பூஜ்யம் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தாகவும், 5 ‘எஸ்’ ஆகவும் வாசிக்கப்பட்டிருக்கக்கூடும். ‘5/12’ என்ற கதவு எண்ணை ஷீட் தானாகவே தேதியாக மாற்றிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை வெறும் உரையாக அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பட்டியலின் ஒவ்வொரு எண்ணும் புதியதில் எத்தனை முறை வருகிறது என்று ‘கவுண்ட்இஃப்’ எண்ணிச் சொல்லும். பூஜ்யம் வந்தால் அந்த எண் கிடைக்கவில்லை என்று பொருள். ‘வி-லுக்அப்’ பயன்படுத்துவோர் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று கொடுக்காமல் விட்டால், சரியான எண் இல்லாதபோது வேறு யாரோ ஒருவரின் விவரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவந்து நிறுத்தும். பிழைச்செய்தியாவது கண்ணில் படும், இது படாது. ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினாலும் ஒருவரின் எண் இன்னொருவரின் பெயரோடு சேர்ந்துவிடும்.

கிடைக்கவில்லை என்பதும் நீக்கப்பட்டார் என்பதும் ஒன்றல்ல. வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் போகாதபடி சாவடிகள் மறுசீரமைக்கப்பட்டதால், பலர் வேறு பாகத்துக்கும் வேறு வரிசை எண்ணுக்கும் போயிருக்கலாம். பக்கத்துப் பாகங்களிலும் தேர்தல் ஆணையத் தளத்திலும் தேடிய பிறகே முடிவுக்கு வர வேண்டும். மறுபக்கம், ஒரே பெயரும் தந்தை பெயரும் இரண்டு இடத்தில் வந்தால் அது போலி வாக்கு என்று ஆகிவிடாது. அட்டை எண் ஒன்றாக இருப்பதாலேயே போலி ஆகாது என்று 2025 மார்ச்சில் ஆணையமும் விளக்கியது. ஷீட்டில் தெரிந்ததை மட்டும் நம்பி, நீக்கக் கோரும் படிவம் 7-ஐக் கொத்தாகக் கொடுப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஷீட்டே ஓர் ஆபத்தாகவும் முடியலாம். வசதிக்காகக் கைப்பேசி எண், ஆதார் எண், ‘ஊரில் இல்லை’ என்ற குறிப்பு எல்லாம் சேர்க்கப்பட்டு, ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்ற அமைப்போடு வாட்ஸ்அப் குழுவில் விடப்பட்டால், எந்த வீடு பூட்டிக்கிடக்கிறது என்பது முதல் எல்லாம் அந்த இணைப்பு போய்ச்சேரும் இடமெல்லாம் தெரிந்துவிடும். குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் அனுமதி தருவதும், ஆதாரை அறவே தவிர்ப்பதும், வேலை முடிந்ததும் ஷீட்டை அழிப்பதும் போதுமான காவல். சட்டப்படி பகிரங்கமாக்கப்பட்ட விவரங்களுக்கு 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. குடியிருப்போர் சங்கம் தானாகச் சேர்த்த கைப்பேசி எண்ணுக்கு அந்த விலக்கு கிடையாது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டாலும், முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கசிந்த விவரத்தை வைத்து யாராவது ‘தேர்தல் அலுவலர்’ என்று பேசி ஓ.டி.பி. கேட்டுப் பணம் பறித்தால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

பெயர் உண்மையிலேயே இல்லையென்றால் படிவம் 6. வேறு முகவரியில் இருந்தால் படிவம் 8. இரண்டையும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ தரலாம். ஐயங்களுக்கு 1950 என்ற உதவி எண் உண்டு. பட்டியலில் உள்ள ஒருவரை, அங்கே குடியிருக்கவில்லை என்று சொல்லி நீக்குவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது அதே 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. பதிவு அலுவலரின் உத்தரவு பாதகமாக வந்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் மூன்றுக்கும் அது செங்கல்பட்டு ஆட்சியர். அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். தேர்தல் அறிவித்துவிட்டால், வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காக எந்தப் பெயரும் சேர்க்கப்படாது.