லேபில் பார்த்த உருளைக்கிழங்கு... ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டில் 'ஒரு லிட்டர்' என்று போட்டிருப்பது ஏன்?

ஒரு பெரிய உருளைக்கிழங்கு. தோலைச் சீவி, அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, நடுவில் கிண்ணம்போலக் குடைந்துகொள்ள வேண்டும். குழிக்குள் பாதி அளவுக்கு சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதன் மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி அடையாளம் வைக்க வேண்டும். கிழங்கைத் தண்ணீர் உள்ள பீக்கரில் நிறுத்திவிட்டு, ரெக்கார்டு நோட்டில் படம் வரையப் போய்விடலாம். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால், குழிக்குள் இருக்கும் கரைசல் குண்டூசியைத் தாண்டி ஏறியிருக்கும். யாரும் எதையும் ஊற்றவில்லை!

ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இது பழைய நண்பன். பெயர், உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப். பலருக்கு பிராக்டிகல் மார்க்கோடு முடிந்துபோன உறவு அது. ஆனால், வீட்டில் குழந்தைக்கு லூஸ் மோஷன் வந்து, மெடிக்கல் ஷாப்பில் நின்று எதை வாங்குவது என்று யோசிக்கும்போது, அந்தக் கிழங்கைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், குடலுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதே சோதனைதான்.

முதலில் பரவல். ஒரு டம்ளர் தண்ணீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் துகள் ஒன்றைப் போட்டால், கலக்காமலேயே ஊதா நிறம் மெள்ள மெள்ள டம்ளர் முழுக்கப் பரவும். நெருக்கமாக இருக்கும் மூலக்கூறுகள், நெருக்கம் குறைந்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். வாசலுக்கே வந்து வரவேற்கும் சாம்பார் வாசனையும் ஓரளவுக்கு இந்தக் கணக்கில்தான் வரும். மீதி, காற்றின் உபயம்.

இப்போது நடுவில் ஒரு சவ்வு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தண்ணீரை விடும், சர்க்கரையை எளிதில் விடாது. சர்க்கரையால் போக முடியாததால் தண்ணீர் நகர்கிறது. கரைபொருள் குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து, அதிகமாக இருக்கும் பக்கத்துக்கு! இதுதான் சவ்வூடு பரவல். ஆஸ்மாஸ்கோப்பில் அந்தச் சவ்வு, கிழங்கின் செல்களில் இருக்கிறது. வேகவைத்த கிழங்கை வைத்து இதே சோதனையைச் செய்தால் தோற்றுப்போகும். வெந்ததும் செல் சவ்வுகள் சிதைந்துவிடும், சர்க்கரையும் தண்ணீரும் இஷ்டத்துக்குக் கலந்துவிடும். பள்ளிகளில் பச்சைக் கிழங்கோடு பக்கத்திலேயே ஒரு வெந்த கிழங்கையும் வைத்துக் காட்டினால், ஒரு பக்கத் தியரியை மிச்சம் பிடிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சவ்வு வழியாகத் தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாகப் போகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே, ரத்தச் சிவப்பணுவில் கண்டெடுத்த ஒரு புரதத்தின் மீது சந்தேகப்பட்டார். அதை உருவாக்கும் மரபுக் குறிப்பைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, அவற்றை உப்பு மிகக் குறைந்த நீரில் போட்டார்கள். சாதாரண முட்டைகள் சும்மா கிடந்தன. குறிப்பு ஏற்றப்பட்டவை சில நிமிடங்களில் உப்பி வெடித்தன! 1992-ல் வெளியான இந்தச் சோதனை, தண்ணீருக்கென்றே செல்லில் தனி வாசல் இருப்பதைக் காட்டியது. அந்தப் புரதத்துக்கு அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். 2003-ல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ் கலவையில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்கும். மொத்தம் 20.5 கிராம். இதில் குளுக்கோஸ் இருப்பது ருசிக்காக அல்ல. சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கும். இப்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1960-ல் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன். ஜோடி உள்ளே போனதும், அதைத் தொடர்ந்து தண்ணீரும் போகும். காலரா போன்ற கடுமையான வயிற்றுப்போக்கிலும் இந்த வழி அடைபடுவதில்லை.

அதை மக்கள் மத்தியில் நிரூபித்த இடம், மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பங்காவ். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவிகிதம் வரை இருந்த இறப்பு, 3.6 சதவிகிதமாகக் குறைந்தது. அவர் மறைந்த பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஆனால், அளவு தப்பினால் இதே சர்க்கரை எதிரியாகிவிடும். பெரும்பாலான குளிர்பானங்களில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. லிட்டருக்கு 100 கிராம்! ஓ.ஆர்.எஸ்ஸைப்போல ஏழு மடங்குக்கும் மேல். இப்போது ஆஸ்மாஸ்கோப்பைக் குடலாக நினைத்துப் பாருங்கள். குழிக்குள் இருக்கும் சர்க்கரைக் கரைசல்தான் குழந்தை குடித்த ஜூஸ். கிழங்கின் சதை, குடல் சுவர். பீக்கரில் இருக்கும் தண்ணீர், குழந்தையின் உடம்பு. தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? குழிக்குள்தான். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீர் இறங்கி, வயிற்றுப்போக்கு அதிகமாகும்.

இதனால்தான் ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், சர்க்கரை பானங்களின் அட்டையில் 'ஓ.ஆர்.எஸ்' என்ற பெயர் இருப்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. இருந்தாலும், கடையில் கொடுப்பதை அப்படியே வாங்கி வராமல், உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

பாக்கெட்டை வாங்கிய பிறகும் ஒரு தவறு நடக்கிறது. 'குழந்தை அவ்வளவு குடிக்காது' என்று ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அதுவும் குழிக்குள் ஊற்றிய கரைசல்தான். உப்பும் கூடுதலாகப் போய், ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பாதிப் பொடியை உத்தேசமாகக் கொட்டி அரை லிட்டரில் கலப்பதும் சரியான அளவைத் தராது. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு காய்ச்சி ஆறிய நீரில் முழு பாக்கெட்டையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு, மீதியைக் கீழே ஊற்றிவிடலாம். கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலோ, கண்கள் உள்ளே போயிருந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

2002-க்கு முன்பு உலக சுகாதார நிறுவனமே இப்போதைவிடச் செறிவான கலவையைத்தான் பரிந்துரைத்தது. அதன் மொத்தச் செறிவு 311 அலகு. நம் ரத்தத்தின் செறிவோ சுமார் 290. ரத்தத்தைவிடச் செறிவு குறைந்த கரைசல், வயிற்றுப்போக்கின் அளவையும் வாந்தியையும் குறைக்கிறது என்று ஆய்வுகளில் தெரியவந்ததும், 245-க்கு இறக்கினார்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட பீக்கரெல்லாம் வேண்டாம். உருளைக்கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, சிலவற்றைச் சாதாரண தண்ணீரிலும், சிலவற்றை உப்பு அதிகமாகக் கரைத்த தண்ணீரிலும் ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் எடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கிடந்தது விறைப்பாகி, படக்கென்று உடையும். உப்புத் தண்ணீரில் கிடந்தது ரப்பர்போல வளையும்.